சமையலறை வாசலில் நின்றவன்

இரண்டில் ஒன்று சாயங்கால பஸ்ஸில் கோயமுத்தூருக்குத் திரும்பிப் போயாக வேண்டும். எது என்பதுதான் சென்னியப்பனுக்கு இன்னும் பிடிபடவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி வந்ததிலிருந்து ஹால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிக் கேமராவில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். இடது முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது பிளாஸ்டிக், புதுசு, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, விலையும் கைக்கு அடக்கம். வலது முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது இரும்பு, யாரோ வைத்திருந்து விற்றது, பழசாகியும் அதன் விலை புதுசைவிட இரண்டு பங்கு. இரண்டுமே அகல லென்ஸ்தான், சின்ன அறைக்குள் சுவரோடு ஒட்டி நின்றால்கூட அறை முழுவதையும் அள்ளிவிடும். கடைக்காரர் தெரிந்தவர், "ரெண்டையும் போட்டுப் பாருங்க, வேண்டாத்தப் பஸ்ல போட்டு உடுங்க" என்று கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். உடுமலையில் படம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் சாமான் இப்படித்தான் வரும், இப்படித்தான் போகும். போட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது, ஓரத்தில் முகம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அகல லென்ஸில் நடுவில் நிற்கிறவன் நடுவில் நிற்கிறவனாகவே இருப்பான், ஓரத்தில் நிற்கிறவன்தான் கன்னம் வீங்கித் தோள் விரிந்து வேறு யாரோ ஆகிவிடுவான். விலை கூடக்கூட அந்த இழுப்பு குறையும் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் எல்லாம் விலை கூடினதை வாங்கினவர்கள். வாங்கிவிட்டு வேறு என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே இரும்பு லென்ஸைத் துணியால் துடைத்தான். துடைக்கத் தேவையில்லாமல் சுத்தமாகத்தான் இருந்தது.

கலாமணியிடம் சொன்ன காரணம், புதன்கிழமை ஒரு மஞ்சள் நீராட்டுச் சீர் இருக்கிறது, அந்த வீட்டு ஹால் ரொம்பச் சின்னது, இந்த மாதிரி ஒன்று இல்லாமல் முடியாது என்பது. அது பொய்யில்லை. ஆனால் அசல் காரணம் அவன் தலைக்கு மேலே, டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போன தை மாதம் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது எடுத்த படம். இதே ஹால், இதே சுவர், இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் கலாமணி மாம்பழ நிறப் பட்டில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள் நிவேதிகா, சுற்றிலும் மாமனார், மாமியார், சித்தப்பா, அத்தை, அவர்கள் பெற்றதுகள். எல்லோரும் இருக்கிறார்கள், வீட்டுக்காரன் இல்லை. வீட்டுக்காரன் அந்த நேரத்தில் ஐயரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான். போவதற்கு முன்னால் அவனும் முயன்றுதான் பார்த்தான். அந்தச் சுவரில் முதுகை ஒட்டி, சமையலறை வாசலுக்குள் ஒரு காலை வைத்து, குந்தி, எக்கி, எப்படி நின்றாலும் இந்தப் பக்கம் நாலு பேர் அந்தப் பக்கம் நாலு பேர் படத்துக்கு வெளியே போனார்கள். இருந்த லென்ஸ் அவ்வளவுதான். "எல்லாரும் வெளிய பந்தலுக்குப் போயிருங்க, அங்க எடுத்துக்கலாம்" என்றான். வெயிலில் யார் போவார்கள்? இருபது வருஷமாக ஊர் வீட்டுப் படமெல்லாம் எடுக்கிறவன், சொந்த வீட்டுப் படம் எடுக்க முடியவில்லை என்று மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் பதிலும் சொல்ல முடியவில்லை. ஐயரை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் படம் எடுத்தாகிவிட்டது, இலை போட்டாகிவிட்டது, நந்தகோபால் கேமராவைப் பையில் வைத்து ஜிப் போட்டுக்கொண்டிருந்தான். "உங்களுக்கு எதுக்குச் செரமம்னு நானே ஒண்ணு எடுத்துட்டேனுங்ணா" என்றான். அந்த ஒண்ணுதான் ஆணியில் தொங்குகிறது.

நந்தகோபால் கலாமணியின் அத்தை மகன். பம்ப் கம்பெனியில் பெரிய உத்தியோகம், கேமரா பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு! வால்பாறைக்குப் போய் மேகத்தை எடுப்பான், குளத்துக்குப் போய்க் கொக்கை எடுப்பான், யாரும் அவனைத் 'தம்பி, மாப்பிள்ளை மாலை சரியா விழலை, இன்னொரு தரம் எடு' என்று அதட்டியதில்லை. சில வருஷத்துக்கு முன்னால் அவன்தான் வந்து கேட்டான், "அண்ணா, அகல லென்ஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்ணா, எது நல்லாருக்கும்?" சென்னியப்பன் மனசறிந்து நல்லதைத்தான் சொன்னான். கம்மி விலையில் ஒன்று சொல்லி, அதுவே போதும், மேலே போடுகிற காசெல்லாம் தண்டம் என்று விளக்கினான். நந்தகோபால் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். போய், கடையில் இருந்ததிலேயே எது உசத்தியோ அதை வாங்கினான். அதைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. கேட்காமல் வாங்கியிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கேட்டுவிட்டு வாங்கினான் என்றால் என்ன அர்த்தம், உன் அளவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டேன் என்றுதானே அர்த்தம். கலாமணிக்கு அவனைப் பார்த்திருந்தார்கள், அதுவும் ஊரறிந்த விஷயம். ஜாதகம் சேரவில்லை. ஜாதகம் சேர்ந்திருந்தால்? இந்த யோசனை ஒரு வருஷமாக ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது வருகிறது. பல் தேய்க்கும்போது வருகிறது, கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கும்போது வருகிறது. பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியாகிவிட்டது, மகள் ஒன்பதாவது படிக்கிறாள், இப்போது போய்ச் சேராத ஜாதகத்தைச் சேர்த்துப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் படம் எதிரே இருக்கிறது.

படத்தில் எல்லாம்கூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்பு. கலாமணி அந்த மாதிரி அவன் எடுத்த ஒரு படத்திலும் சிரித்ததில்லை. ஊட்டியில் எடுத்திருக்கிறான், பழனியில் எடுத்திருக்கிறான், நிவேதிகா பிறந்தபோது மடியில் வைத்து எடுத்திருக்கிறான், எதை எடுத்துப் பார்த்தாலும் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி உதட்டை ஒட்டிக்கொண்டு நிற்பாள். இதில் பல் தெரிய, கண் இடுங்க, தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் விட்டுவிட்டவள் மாதிரி சிரிக்கிறாள். யாரைப் பார்த்து? கேமராவைப் பார்த்து. கேமராவுக்குப் பின்னால் யார், நந்தகோபால். அப்படியானால் யாரைப் பார்த்துச் சிரித்தாள்? இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அவளை நடுவில் நிறுத்தியதும் அவன்தானே. மாமனாரை நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது, வயசுக்கு மரியாதை தெரிந்த எந்தப் போட்டோகிராபரும் பெரியவரைத்தான் நடுவில் நிறுத்துவான். குடும்ப குரூப்பில் அந்தப் படம் வந்தபோது சென்னியப்பன் தொடவே இல்லை. டவுன்லோடு ஆகாமல் மங்கலாக ஒரு சதுரம், நடுவில் ஒரு அம்புக்குறி. அதற்குக் கீழே மாமியார் கைகூப்பி, சித்தப்பா கட்டைவிரல் உயர்த்தி, யார் யாரோ பூ வைத்திருந்தார்கள். அவன் மட்டும் அந்த மங்கலைத் தள்ளித் தள்ளிவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தான். பத்து நாள் கழித்துக் கலாமணி அதைப் பிரேம் போட்டுக்கொண்டு வந்து, "ஏனுங்க, ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க" என்றாள். ஆணி அடித்ததும் அவன்தான். அடித்துவிட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்ததும் அவன்தான். இன்றைக்கு அதை இறக்கிவிட வேண்டும். இதே ஹாலில், இதே அகலத்தில், இதைவிட நன்றாக ஒன்று எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட வேண்டும். அதற்குத்தான் லென்ஸ்.

கலாமணி கூடையில் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து ஹாலின் அந்த மூலையில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மில் ஆபீஸ் லீவு, தலைக்குக் குளித்து முடியை அள்ளி முடிந்திருந்தாள். நிவேதிகா ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். "இன்னுமா பாத்துட்டு இருக்கறீங்க?" என்றாள். "ம்" என்றான். எழுந்து கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தான். நந்தகோபால் நின்ற இடம் அதுதான், சந்தேகமே இல்லை, படத்தின் இடது ஓரத்தில் சமையலறை நிலையின் விளிம்பு லேசாக வந்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் காலண்டர் ஆணி. அதே இடத்தில் தன் கேமராவை வைக்கும்போது இன்னொருத்தன் செருப்பில் காலை விடுகிற மாதிரி இருந்தது. முதலில் இரும்பு. பெரிய விலையைப் போட்டு அதை வாங்கிவிடுவது என்று மனசு பாதிக்கு மேல் முடிவு செய்துவிட்டிருந்தது. காரணம் உண்டு. அந்தப் படத்தின் வலது ஓரத்தில் நிற்பது சித்தப்பா, அவர் முகம் ஒரு இம்மி இழுபடவில்லை, பாஸ்போர்ட் படம் மாதிரி அளவாக இருக்கிறது. அகல லென்ஸில் ஓரத்து முகம் அப்படி வருவது என்றால் அது காசு செய்கிற வேலை. இடது ஓரத்தில் நந்தகோபாலின் அம்மா, சரசு அத்தை, பூசணிக்காய் அளவுக்கு விரிந்து நிற்கிறார், ஆனால் அத்தை நேரிலேயே அப்படித்தான், அதற்கு லென்ஸ் என்ன செய்யும்? சித்தப்பாதான் சாட்சி. ஒரு வருஷமாகச் சென்னியப்பன் அந்தச் சித்தப்பாவின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வயிறெரிந்திருக்கிறான். "கலா, கொஞ்சம் எந்திரிச்சு அந்த ஓரமா நில்லு" என்றான். "வெங்காயத்தோடயா?" "வெங்காயத்தோடதான்." அவள் எழுந்து வலது ஓரத்தில் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. "தாடைய எறக்கு" என்று தன்னையறியாமல் சொன்னான். எடுத்தான். திரையில் பார்த்தான். கலாமணியின் கன்னம் வீங்கி, ஒரு தோள் மட்டும் நீண்டு, கையிலிருந்த வெங்காயம் மாங்காய் அளவுக்கு இருந்தது. இரும்பிலும் இழுக்கிறது. ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது, அவளை இப்படிக் கோணலாகப் பார்ப்பதில், அது வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. பிளாஸ்டிக்கை மாட்டினான். எடுத்தான். அதே இழுப்பு, ஒரு நூல் கூடவோ குறைச்சலோ இருக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கலாமணி வந்து எட்டிப் பார்த்து, "ஐயோ, சரசு அத்தையாட்ட இருக்கறேன்" என்று சிரித்துவிட்டு மறுபடி வெங்காயத்துக்கே போய்விட்டாள். சிரித்ததை எடுக்கவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது.

சரசு அத்தையாட்ட. அந்தச் சொல் காதில் நின்றுவிட்டது. அப்படியானால் அத்தையை விரித்தது அத்தை இல்லை, லென்ஸ். ஒரு ஓரத்தை அவ்வளவு இழுத்த லென்ஸ் இன்னொரு ஓரத்தைத் தொடாமல் விடுமா? அவன் எழுந்துபோய் ஆணியில் இருந்த படத்தை இறக்கிக் கொண்டுவந்து கேமராத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். மாட்டினபிறகு இன்றைக்குத்தான் அதைக் கையில் எடுக்கிறான். இடது பக்கம் ஒன்றுதான், நிலை விளிம்பு, காலண்டர் ஆணி, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. வலது பக்கம் அவன் எடுத்ததில் ஸ்விட்ச் போர்டு வருகிறது, அதைத் தாண்டி ஜன்னல் ஓரம்கூட வருகிறது. நந்தகோபால் படம் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முதலில் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் பிளாஸ்டிக் அவனுடைய உசத்தியைவிட அகலம்! அத்தனை காசைக் கொட்டி வாங்கினானே, ஸ்விட்ச் போர்டைக்கூடத் தொட முடியவில்லை! இதை எப்படி அவன் காதில் போடலாம், யார் மூலமாகப் போடலாம் என்றுகூட யோசித்தாகிவிட்டது. அப்புறம்தான் தொழில் புத்தி மெதுவாகத் தலையை நீட்டியது. அகலம் குறைச்சல் என்றால் இரண்டு பக்கமும்தானே குறைய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் எப்படிக் குறையும்? தரை டைல்ஸ் கோடுகளைப் பார்த்தான். அவன் படத்தில் கோடுகளெல்லாம் நடுவை நோக்கி ஓடின. ஆணிப் படத்தில் அவை நடுவை விட்டு வலது பக்கமாக, மாமனாரின் காலை நோக்கி ஓடின. மாமனார்தான் நடு. கலாமணி நடு இல்லை, அவளை யாரும் நடுவில் நிறுத்தவில்லை, வலது பக்கம் கொஞ்சத்தை யாரோ எடுத்துவிட்டதால் அவள் நடுவுக்கு வந்திருக்கிறாள். சித்தப்பாவும் ஓரத்தில் நின்றவரில்லை. பிரேமைத் திருப்பிப் பார்த்தான், பத்து அங்குலத்துக்கு எட்டு, கேமராவில் விழுகிற படம் அதைவிட நீளம். பத்துக்கு எட்டில் போட்டால் ஓரம் போய்விடும், ஒரு ஆள் வெட்டுப்படுவார் என்று தினம் நாலு வாடிக்கைக்காரரிடம் தொண்டை வறளச் சொல்கிறவன் அவன். வீட்டுச் சுவரில் தொங்கின பத்துக்கு எட்டு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கத்திரிக்கோல் செய்த வேலையை லென்ஸின் பெருமை என்று நினைத்து ஒரு வருஷம் வயிறெரிந்திருக்கிறான், அதற்காக இரண்டு பங்கு விலை கொடுக்கவும் தயாராக இருந்திருக்கிறான்.

வெட்டுப்பட்டது யார்? அடுத்தபடியாக மனசு அங்கேதான் போய் மாட்டிக்கொண்டது. கல்யாண மேடைகளில் அவனுக்குத் தெரிந்த வித்தை இது. குரூப்புக்கு நிறுத்தும்போது பெண்ணின் அப்பா காதோடு வந்து சொல்வார், "அந்த மூத்த மாப்பிள்ளைய மட்டும் ஓரமா நிறுத்துப்பா." சேர்த்துக்கொள்ளவும் வேண்டும், நாளைக்கு ஏதாவது ஆனால் ஆல்பத்தில் இல்லாமலும் போக வேண்டும், அதற்குத்தான் ஓரம். அப்படி ஓரமாக நிறுத்தின எத்தனை பேரை அவன் கையாலேயே வெட்டி எடுத்திருக்கிறான், ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு கோர்ட் கேசுக்குப் பிறகு. இந்த வீட்டுப் படத்தில் அப்படி எடுக்கப்பட்டவர் யார்? போனை எடுத்துக் குடும்ப குரூப்பில் மேலே மேலே போனான். பொங்கல் வாழ்த்துகளைத் தாண்டி, யாருடையதோ காதுகுத்தைத் தாண்டி, அந்த மங்கல் சதுரம் அப்படியே இருந்தது. அம்புக்குறியைத் தொட்டான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் படம் இப்போது இல்லை, அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது. அனுப்பியவரை! நந்தகோபாலிடம் போய்க் கேட்பதற்குக் கேமராவைக் கிணற்றில் போட்டுவிடலாம். கலாமணியைப் பார்த்தான். அவள் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் தோல் குவிந்திருந்தது. கேட்டால் கேட்டதாகிவிடும். ஒரு வருஷமாக எனக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒன்றுமில்லை என்கிற மாதிரி நடந்தது எல்லாம் வீணாகிவிடும். கேட்காவிட்டால் இன்னொரு வருஷம் போகும்.

"ஏ கலா, இதுல இந்த ஓரத்துல ஆரு இருந்தது?" அவள் நிமிர்ந்து பார்த்தாள், படம் அவன் கையில் இருப்பதைப் பார்த்தாள். "அதுங்களா, நந்து மச்சான்" என்றாள். "அவந்தானே படம் எடுத்தான்?" "எடுத்தாருங்க. டைமர் என்னமோ வெச்சுப்போட்டு ஓடியாந்து கடைசில நின்னுக்கிட்டாரு. ஓடியாரப்ப ஜமக்காளம் தடுக்கி உழுகப் போனாரு." "அப்புறம் எங்க காணோம்?" "பிரேம் கடைல ரெடிமேட்தான் இருந்துதுங்க. ஒரு பக்கம் எடுத்தாத்தான் உள்ள உக்காரும்னாங்க. அந்த ஓரத்துல அத்தை, இந்த ஓரத்துல மச்சான். அத்தைய எடுத்தா நாளைக்கு ஊட்டுக்கு வந்து கேக்காதா? மச்சான எடுத்துருங்கன்னுட்டேன்." ஒரு வெங்காயத்தைக் கூடையில் போட்டாள். "அதுவுமில்லாம ஊட்டுக்காரரு நீங்களே அதுல இல்ல, அவரு எதுக்கு?" சென்னியப்பன் படத்தில் கலாமணியின் முகத்தைப் பார்த்தான். கேட்க வேண்டியது அதுவல்ல. "அப்பக் கேமராவுக்குப் பின்னால ஆரு இருந்தா?" "ஆரும் இல்லீங்க. அடுப்புமேல பால் குண்டாதான் இருந்துது." "நீ சிரிச்சிருக்கறயே." "சிரிக்காம என்ன பண்றது, அதுல ஒரு செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னுட்டே இருந்துது, இப்ப அடிக்கும் அப்ப அடிக்கும்னு எல்லாரும் மூச்சப் புடிச்சுட்டு நிக்கறோம், அடிக்கவே இல்ல. அப்பனும் சித்தப்பனும் வெறச்சுட்டு நின்னதப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு" என்றாள், இப்போதும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வந்தது. "ஏன் கேக்கறீங்க?" "சும்மா, லென்ஸுக்குத்தான்" என்றான்.

யாரும் இல்லை. பால் குண்டா. சென்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போனது, இறங்கின இடத்தில் காற்று புகுந்தது, நன்றாக இருந்தது. நந்தகோபாலை வெட்டிவிட்டாள், அதுவும் வெங்காயத் தோலை எடுத்துப் போடுகிற சுலபத்தில். அத்தையை வைத்துக்கொண்டு மகனை வெட்டிவிட்டாள். ஹாலில் இரண்டு நடை நடந்தான். மூன்றாவது நடையில் மனசு திரும்பிப் பார்த்தது. ஓடி வந்தான், தடுக்கி விழப் போனான் என்றாளே, சிரித்தது அதற்காக இருந்தால்? அவனைப் பார்க்கவில்லை, சரி, அவன் ஓடி வந்ததற்குச் சிரித்திருக்கலாமே? அப்பனையும் சித்தப்பனையும் சொன்னாள். சொல்கிறது எல்லாம் அப்படியே இருக்குமா? வெட்டினாளே, ஏன் வெட்டினாள், மனசில் ஒன்றுமில்லாதவனை யாராவது அவ்வளவு யோசித்து வெட்டுவார்களா? யோசிக்கவில்லை என்றுதான் சொன்னாள். யோசிக்காமல் வெட்டுகிற அளவுக்குச் சொந்தமா? சீ, என்றான் வாய்விட்டு. "என்னங்க?" என்றாள் கலாமணி. "ஒண்ணுமில்ல." சந்தேகம் ஒரு வருஷமாக வளர்த்த நாய், எஜமான் போ என்றால் உடனே போய்விடுமா, வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. போகட்டும் என்று இரும்பு லென்ஸை எடுத்து மூடி போட்டு, துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, பழைய பேப்பரைக் கசக்கி இடுக்கில் அடைத்து, டேப் ஒட்டினான். டேப் ஒட்டும்போது கைக்கு ஒரு நிம்மதி இருந்தது. இந்தச் சாயங்காலம் இது போகட்டும், பிளாஸ்டிக் போதும். சில வருஷத்துக்கு முன்னால் நந்தகோபாலுக்குச் சொன்ன அதே புத்திமதியைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் புத்திமதி சரியானதுதான். அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இன்னொரு விஷயம் அப்போதுதான் உறைத்தது, மெதுவாக, கொஞ்சம் வலியோடு. அவள் சிரித்தது கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லாததால். பதினைந்து வருஷமாக அவள் உதட்டை ஒட்டிக்கொண்டு நின்றது பின்னால் அவன் இருந்ததால். தாடைய எறக்கு, கண்ண மூடாத, இப்படித் திரும்பு, அப்படி நிக்காத. ஊட்டிப் படங்களில் எல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் குறை தேடுகிற ஒருத்தனை. ரேஷன் கார்டு முகம் அவள் முகமில்லை, அவனைப் பார்த்துப் பார்த்து வந்த முகம். இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை? யார் சொல்வார்கள்? "கலா, எந்திரி" என்றான். "மறுபடியும் ஓரத்துலயா?" "இல்ல, நடுவுல நில்லு. நானும் நிக்கறேன்." அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்களா? என்னைக்கும் இல்லாத திருநாளா இருக்குது." கேமரா சமையலறை வாசலில் அப்படியே இருந்தது, பிளாஸ்டிக் லென்ஸ் மாட்டினபடி. டைமரைப் போட்டான். ஊரார் கல்யாணத்தில் ஒரு தடவைகூட அவன் இதைத் தொட்டதில்லை, எந்தப் பட்டன் என்று தேட வேண்டியிருந்தது. அழுத்தினதும் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஓடினான். லுங்கி காலில் சிக்கியது, வெங்காயக் கூடையில் இடித்தான், வெங்காயம் ஹால் முழுக்க உருண்டது. "ஐயோ பாத்துங்க" என்று கலாமணி அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். நின்றான். மூச்சு வாங்கியது. எதிரே சமையலறை வாசல், மினுக்கு மினுக்கென்று சிவப்பு. அவள் தோள் அவன் தோளில் குலுங்கிக்கொண்டிருந்தது, சிரிக்கிறாள், இந்தச் சிரிப்பு எனக்கா, நான் தடுக்கினதற்கா, இல்லை இதே மாதிரி தடுக்கின இன்னொருத்தன் ஞாபகத்துக்கு வந்துவிட்டானா என்று நினைத்து முடிப்பதற்குள் கேமரா கிளிக் என்றது.

இரண்டு பேரும் போய்த் திரையைப் பார்த்தார்கள். ஹால் முழுக்க வந்திருந்தது, காலண்டர் ஆணி, ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் ஓரம், தரையில் சிதறின வெங்காயம், எல்லாம். யாருடைய முகமும் இழுபடவில்லை. கலாமணி பல் தெரிய, கண் இடுங்க, தலை சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஆணியில் தொங்கின படத்தில் சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தாள். அவள் குனிந்து, விரலால் திரையில் அவன் முகத்தைத் தொட்டு, பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்க ஆரு நிக்கறாங்கன்னு இந்த மொற மொறைச்சுட்டு இருக்கறீங்க?" என்றாள்.

சென்னியப்பன் திரும்பிச் சமையலறையைப் பார்த்தான்.